தேடினால் முதலில் வருகிறவர்

செல்வமலரின் கைபேசியில் குகதாசன் முதலாவதாக வந்தார். றூபினியின் கைபேசியில் மூன்றாவதாக வந்தார். மேசையில் இருந்த கணினியில் அவரைக் காணவேயில்லை.

“இதென்ன பிள்ளை கூத்து? மூண்டிலையும் ஒரே பேரைத்தானே அடிச்சனி?”

“ஓம் அன்ரி. கூகிள் எல்லாருக்கும் ஒரே மாதிரிக் காட்டாது. ஆளைப் பார்த்துத்தான் காட்டும்.”

“என்னை அதுக்கு எப்பிடித் தெரியும்?”

“நீங்கள் எதை எதைத் திறந்து பாக்கிறனீங்கள் எண்டதை வைச்சுத்தான்.”

செல்வமலர் கைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்தாள். காலையில் தேநீருக்குத் தண்ணீர் கொதிக்கும் நேரத்தில் தான் எதைத் திறந்து பார்க்கிறாள் என்பது தனக்கு மட்டும் தெரிந்த விஷயம் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தாள்.

அடித்துப் பார்த்த பெயர் ‘குகன் மணவறை’. கல்யாண வீடுகளுக்கு மணவறையை வாடகைக்குக் கொடுத்து, கொண்டுபோய்ப் பொருத்தி, பூக் கட்டி, முடிந்ததும் கழற்றி ஏற்றிவரும் அவர்களுடைய தொழிலின் பெயர் அது. அந்தப் பெயரைத் தேடினால் பொன்னிறத் தூண்களும் சிரிக்கும் மணமக்களுமாக அவர்களுடைய இணையத்தளம் வரவேண்டும். அதற்கு முன்னால் குகதாசனின் மரண அறிவித்தல் வந்து நின்றது. எத்தனை பேருடைய கைபேசியில் அப்படி நிற்கிறது என்பதைச் சொல்ல யாராலும் முடியவில்லை.

குகதாசன் அவளுடைய கணவர். போன ஐப்பசியில், லண்டன் சட்டனில் ஒரு மண்டபத்தில் தூணைக் கழற்றிக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மேடைப் படியில் உட்கார்ந்தவர் பிறகு எழும்பவில்லை. தை பிறந்தால் கல்யாணக்காரர் அழைக்கத் தொடங்குவது வழக்கம். இந்தத் தையும் போய், மாசி போய், சித்திரையும் போய்விட்டது. கைபேசியில் மணி அடிக்கவில்லை. அடித்தால் மின்சாரக் கம்பனியை மாற்றச் சொல்லும் யாரோ ஒரு பெடியன். இணையத்தளம் பழுதாகிவிட்டது என்றுதான் செல்வமலர் முதலில் நினைத்தாள். அதனால்தான் தமிழ்க் கடைகளுக்கு இணைய விளம்பரம் செய்து கொடுக்கும் றூபினியிடம் வந்தாள். கோயிலில் பார்த்துப் பழகிய பிள்ளை, வீட்டின் முன்னறையையே அலுவலகமாக வைத்திருந்தாள்.

“தளம் நல்லாத்தான் இருக்கு அன்ரி. பிழை அதிலை இல்லை. உங்கட அறிவித்தலை வாசிச்சுப் பாருங்கோ.”

வாசிக்க வேண்டியதில்லை. அவளுக்கு அது மனப்பாடம். யாழ்ப்பாணத்தைப் பிறப்பிடமாகவும், லண்டன் சட்டனை வதிவிடமாகவும் கொண்ட குகதாசன். அன்னாரின் அன்பு மனைவி, அன்னாரின் அன்புச் சகோதரர், மைத்துனர், மைத்துனியர். எல்லாவற்றுக்கும் மேலே, படத்துக்குக் கீழே, பொன் எழுத்தில்: ‘குகன் மணவறை உரிமையாளர்.’ அதற்கடியில் இணையத்தள முகவரி. தொடர்புக்கு, தொழில் இலக்கம்.

“ஆர் இதைக் குடுத்தது?” என்று றூபினி கேட்டாள்.

“கிருஷ்ணராசாதான். இவரின்ரை தம்பி. எனக்கு அப்ப என்ன தெரியும்? செத்த வீட்டிலை நான் எங்கை இருந்தன் எண்டே எனக்குத் தெரியேல்லை.”

“பிழையெண்டு சொல்லேலாது. எங்கட ஆக்கள் எல்லாரும் இப்பிடித்தான் போடுறவை. ஆனா யோசிச்சுப் பாருங்கோ. மகளுக்குக் கல்யாணம் சரிவந்து, மணவறை பாப்பம் எண்டு ஒரு தாய் ஆசையாப் பேரை அடிக்கிறா. முதலிலை வாறது கண்ணீர் அஞ்சலி. அந்தாள் பிறகு கூப்பிடுமோ?”

செல்வமலர் அந்தத் தாயாக இருந்தால் கூப்பிட்டிருக்கமாட்டாள். அது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. மற்றதெல்லாம் தெளிவில்லாமல் இருந்தது.

“பேரை மாத்துவம் அன்ரி,” என்றாள் றூபினி. “புதுப் பேர், புது டொமெய்ன், அதுதான் தளத்தின்ர முகவரி. பழைய பேரோடை அறிவித்தலும் கீழை போயிடும்.”

பெயரை மாற்றுவது என்றால் என்ன என்று றூபினிக்குத் தெரிய நியாயமில்லை.

இங்கே தமிழர் கடைகளில் பாதிக்கு மேல் பிள்ளைகளின் பெயரில்தான் இருக்கின்றன. மகள் பிறந்தால் நகைக்கடை, மகன் பிறந்தால் பலசரக்குக் கடை என்று குகதாசன் பகிடி விடுவார். இவர்களுக்குப் பிள்ளை இல்லை. பெற்றோல் நிலையத்தில் இரவு ஷிப்ட் செய்துகொண்டிருந்த குகதாசன், நண்பன் ஒருவனின் கல்யாணத்துக்காக மரமும் அட்டையும் கொண்டு ஒரு மணவறை செய்தார். பார்த்தவர்கள் தங்களுக்கும் கேட்டார்கள். அப்படியே அது தொழிலாகிவிட்டது. இணையத்தளம் போடும் நாளில், என்ன பெயர் வைப்பது என்று கேட்ட பெடியனுக்கு அவரால் பதில் சொல்ல முடியவில்லை. பிள்ளையின் பெயர் சொல்ல வேண்டிய இடம் அது. செல்வமலர்தான் குசினி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, “குகன் எண்டு போடுங்கோவன். அவர்தானே செய்யிறவர்,” என்றாள். குகதாசன் வெட்கப்பட்டார். அன்றிரவு முழுவதும், வேலைக்குப் போகாமல், தன் பெயரை அடித்து அடித்துத் தளத்தைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன பேர் எண்டு யோசிச்சுக்கொண்டு வாங்கோ,” என்று றூபினி வாசல்வரை வந்தாள். “சின்னப் பேரா இருந்தால் நல்லம். போனிலை ஒருக்காச் சொன்னால் எழுதக்கூடியதா இருக்கவேணும். இல்லாட்டி ஆக்கள் என்னத்தைத் தேடுகினமோ அதையே பேரா வைப்பம். லண்டன் மணவறை, கல்யாண மேடை, அப்பிடி.”

“அது பேரில்லையே பிள்ளை. அது சாமான்.”

“இப்ப சாமான்தான் அன்ரி பேர்.”

பஸ்ஸில் வரும்போது செல்வமலர் அதையே யோசித்தாள். சாமானுக்குப் பெயர் இருக்கலாம். பெயரே சாமானாக எப்படி இருக்கும்? யார் அழைத்தாலும் எடுத்து, “ஓம், லண்டன் மணவறை கதைக்கிறன்,” என்று சொல்ல வேண்டுமோ?

அடுத்த சில நாட்கள் அவள் ஒரு விசித்திரமான வேலை செய்தாள். காண்கிறவர்களிடமெல்லாம் குகன் மணவறை என்று அடித்துப் பார்க்கச் சொன்னாள். மரக்கறிக் கடைக்காரருக்குத் தளம் முதலில் வந்தது. கோயில் அர்ச்சகரின் மனைவிக்கு அறிவித்தல் வந்தது, அவர் உடனே கண்கலங்கிவிட்டார். பல் வைத்தியரிடம் வரவேற்பில் இருந்த பிள்ளைக்கு மலேசியாவில் ஒரு மண்டபம் வந்தது. ஒவ்வொருவரிடமும் வேறு வேறு குகதாசன் இருந்தார், சிலரிடம் இல்லவே இல்லை. அறிவித்தல் வராதபோது வியாபாரத்தை நினைத்து ஆறுதல் வந்தது. அதே கணத்தில், ‘இவரை இங்கையும் காணேல்லையே’ என்று மனம் தேடியது. இரண்டில் எது தன்னுடையது என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

லெஸ்லியிடமும் கேட்டாள். ஜமேக்கா வழிவந்த லெஸ்லி, மணவறையை வான் வண்டியில் ஏற்றி இறக்குகிறவர். குகதாசனோடு பல வருடம் வேலை செய்திருந்தாலும் தமிழில் அவருக்குத் தெரிந்தது ‘மெல்ல, மெல்ல’ என்ற ஒரு சொல்தான். கராஜ் வாசலில் நின்று, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, செல்வமலர் அனுப்பிய பெயரை அடித்தார்.

“அட, நல்ல படம் மிஸிஸ் கே. இதை நான் போன மாசமே பார்த்தேன். என் தங்கச்சிக்கும் காட்டினேன்.”

“எந்தப் படம்?”

லெஸ்லி கைபேசியைத் திருப்பினார். அறிவித்தல். பட்டு வேட்டி சால்வையோடு குகதாசன், கழுத்தில் ரோசாப்பூ மாலை, இரு பக்கமும் குத்துவிளக்கு, பொன் எழுத்து.

“உங்கள் கல்யாணப் படத்தை விளம்பரத்துக்குப் போட்டிருக்கிறீர்கள் என்று நினைத்தேன். உங்கள் ஆட்களின் மாப்பிள்ளைகள் எல்லாரும் இப்படித்தானே மாலையோடு நிற்கிறார்கள்? கொஞ்சம் வயசான மாப்பிள்ளை என்று தங்கச்சி சிரித்தாள்.”

செல்வமலருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கராஜ் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இந்த ஏழெட்டு மாதத்தில் இல்லாத சிரிப்பு. பிறகு அது என்ன என்று அவள் சொன்னபோது லெஸ்லி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். “மன்னியுங்கள்,” என்றார். “அவர் சந்தோசமாக இருக்கிறார் என்று நினைத்தேன்.”

அந்தச் சனிக்கிழமை கிருஷ்ணராசா ஹவுன்ஸ்லோவிலிருந்து வந்தார். பாரிஸில் இருபது வருடம் இருந்துவிட்டு, தமையனுக்குப் பக்கத்தில் இருக்கவேண்டும் என்று லண்டனுக்கு மாறி வந்தவர். வந்த கொஞ்ச நாளிலேயே தமையனை இழந்துவிட்டார். கையில் கடையில் வாங்கிய பாண் பையும், கக்கத்தில் மடிகணினியும்.

“அண்ணி, ஆண்டுத் திவசம் வருதெல்லோ. நினைவஞ்சலி செய்விச்சிருக்கிறன். இதைப் பாருங்கோ, பேந்து கதைப்பம்.”

திறந்து காட்டினார். செல்வமலருக்கு முதலில் விளங்கவில்லை. திரையில் நின்றது அவர்களுடைய மணவறை. மயில் தூண்கள், சிவப்புத் துணி, நடுவில் கதிரைகள். அவள் தன் கையால் கட்டிய பூ. அந்த இரண்டு கதிரைக்கும் நடுவில், ஒளிவட்டத்தோடு, மாலை போட்ட குகதாசன். மேலே ‘குகன் மணவறை’ என்று பெரிதாக.

“ராசன், இதென்னப்பா?”

“எப்பிடி? அண்ணை செய்த மணவறைக்குள்ளையே அண்ணையை இருத்தியிருக்கு. டிசைன் செய்த பெடியனே சொன்னவன், இப்பிடி ஒண்டு இதுக்கு முன்னம் செய்யேல்லையாம்.”

“மணவறைக்குள்ளை செத்த ஆளின்ரை படத்தை வைச்சால் இனி ஆர் ராசன் எங்களிட்டை மணவறை எடுப்பினம்?”

கிருஷ்ணராசாவின் முகம் மாறியது. செல்வமலர் றூபினி சொன்னதையெல்லாம் தனக்குத் தெரிந்தபடி சொன்னாள். பெயர், டொமெய்ன், தேடினால் வருவது, வராதது. சொல்லச் சொல்ல அவளுக்கே அது யாரோ ஒருவருடைய கதை போல இருந்தது.

“அப்ப அண்ணையின்ர பேரை அழிக்கப் போறியள்.”

“அழிக்கிறன் எண்டு ஆர் சொன்னது?”

“பேரை மாத்திறது எண்டால் வேறை என்ன அண்ணி? அந்த அறிவித்தலை எத்தினை நாட்டிலையிருந்து பார்த்திருக்கினம் தெரியுமோ? எனக்கு இஞ்சை ஒரு மனிசனைத் தெரியாது. அண்ணைதான் எல்லாருக்கும் தெரிஞ்ச ஆள். அந்தப் பேரைப் பார்த்தால்தான் நான் ஆரின்ரையோ தம்பி எண்டு…” அவர் முடிக்கவில்லை. பாண் பையின் கைபிடியை முறுக்கிக்கொண்டிருந்தார். “நான் வேறை என்னத்தைச் செய்யிறது? பிரேதப் பெட்டியைத் தூக்கினன். அறிவித்தல் குடுத்தன். அவ்வளவுதான் எனக்குத் தெரிஞ்சது.”

செல்வமலருக்குக் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. “போட்டிடாதையுங்கோ. கொஞ்சம் பொறுங்கோ,” என்று மட்டும் சொல்லி, தேநீர் ஊற்றினாள். கிருஷ்ணராசா சீனி போடாமலே குடித்துவிட்டுப் போனார்.

ஞாயிறு மத்தியானம் தொழில் இலக்கத்தில் மணி அடித்தது. சவுத்தாலிலிருந்து கனகவல்லி என்று ஒருவர்.

“தங்கச்சி, என்ர மூத்த மகளின்ர கலியாணத்துக்கு உங்கட அவர்தான் மணவறை போட்டவர். அண்டைக்கு மழை. மாப்பிள்ளையின்ர தலைப்பாகைக்குக் குடை பிடிச்சுக்கொண்டு திரிஞ்சவர், நான் மறக்கேல்லை. இப்ப இளையவளுக்குப் பாப்பம் எண்டு பேரை அடிச்சால், ஐயோ, நான் அப்பிடியே இருந்திட்டன்.”

“ஓம் அக்கா.”

“துக்கம் விசாரிக்கத்தான் எடுத்தனான். பேந்து யோசிச்சன், வேறை ஆரிட்டைப் போறது? ஆவணியிலை முகூர்த்தம். செய்யிறியள்தானே?”

அறிவித்தலைப் பார்த்தவர்கள் கூப்பிடமாட்டார்கள் என்றுதானே றூபினி சொன்னாள்? இவர் அறிவித்தலைப் பார்த்ததால்தான் கூப்பிடுகிறார். செல்வமலர் சுவரில் சாய்ந்துகொண்டாள். “செய்யிறன் அக்கா,” என்றாள்.

கனகவல்லியின் குரல் தாழ்ந்தது. “நீங்கள்… நீங்களும் வருவியளோ தங்கச்சி? இல்லை, ஆக்களை அனுப்புவியளோ?”

மென்மையாகத்தான் கேட்டார். ஆனாலும் செல்வமலருக்குக் காது சுட்டது. வெள்ளைச் சேலையா கட்டுகிறாள் அவள்? குங்குமம் மட்டும் இல்லை. குகதாசன் இருந்தபோதுகூட அவள் மேடைக்குப் பின்னால்தான் நிற்பாள், பூவும் ஊசியுமாக. அவளைப் பார்த்தவர்களே குறைவு.

“ஆக்கள் வருவினம்,” என்றாள்.

வைத்த பிறகு உட்காரவில்லை. குசினிக்கும் முன்னறைக்குமாக நடந்தாள். எந்த ஆக்கள்? லெஸ்லிக்குப் பூக் கட்டத் தெரியுமா? பெயரை லண்டன் மணவறை என்று மாற்றினாலும், கல்யாண மேடை என்று மாற்றினாலும், மணி அடித்தால் எடுக்கப்போவது அவள். எடுத்தவுடன் இந்தக் கேள்வி வரும். கேட்பவர் தடுமாறுவார், அவளும் தடுமாறிப் பொய் சொல்வாள். பெயர் மாறினால் அறிவித்தல் கீழே போகும். அவள் எங்கே போவாள்?

கொஞ்ச நேரத்தில் திரும்ப அழைத்தாள். “அக்கா, முதல் சொன்னது பிழை. நான்தான் வருவன். பூ நான்தான் கட்டுறது. எப்பவும் நான்தான் கட்டினது.”

“அப்பிடியோ,” என்றார் கனகவல்லி. “சரி, மகளோடை கதைச்சுப்போட்டுச் சொல்லுறன் தங்கச்சி.”

திங்கட்கிழமை றூபினியின் மேசையில் செல்வமலர் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். றூபினி ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்தாள். லண்டன் மணவறையை யாரோ முன்பே எடுத்து, விற்பதற்கென்று சும்மா வைத்திருந்தார்கள். கல்யாண மேடையும் போயிருந்தது. இடையில் ஒரு கோடு போட்டால் கிடைக்கும், ஆனால் போனில் சொல்லும்போது ஆட்கள் கோட்டை விட்டுவிடுவார்கள் என்றாள்.

“என்ர பேர் இருக்கோ பார்,” என்றாள் செல்வமலர்.

“எது, செல்வமலரோ?”

“செல்வமலர் மணவறை.”

றூபினி அடித்தாள். “உங்கட பேரை ஒருதரும் எடுக்கேல்லை அன்ரி. டொட் கொம், டொட் கோ டொட் யூகே, எல்லாம் சும்மா கிடக்கு.” சிரித்தவள், செல்வமலரின் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். “கொஞ்சம் நீளம். அதோடை… குறை நினைக்காதேங்கோ. கலியாணத் தொழிலுக்கு உங்கட பேர் சரிவருமோ? எங்கட சனத்தைத் தெரியும்தானே.”

“தெரியும். அதுதான் போடச் சொல்லுறன். வேண்டாம் எண்டிறவை பேரைப் பார்த்திட்டுக் கூப்பிடாமலே விடட்டும். கூப்பிடுறவை ஆரைக் கூப்பிடுறம் எண்டு தெரிஞ்சு கூப்பிடட்டும்.” சொல்லிவிட்டு, “சரியோ பிழையோ எனக்குத் தெரியாது பிள்ளை. எனக்கு ஒண்டும் விளங்கேல்லை,” என்றாள்.

“பழையதை விட்டிடுவமோ?”

“விட்டால்?”

“கொஞ்சக் காலத்திலை வேறை ஆரும் எடுக்கலாம். வைச்சிருந்தால், பழைய பேரை அடிக்கிறவையைத் தானாப் புதுப் பேருக்குக் கொண்டுவந்து விடலாம்.”

“வைச்சிரு,” என்றாள். “அது இருக்கட்டும்.”

கிருஷ்ணராசாவுக்கு அவளே அழைத்துச் சொன்னாள். நினைவஞ்சலி போடுங்கோ, பெரிசாவே போடுங்கோ. பெயர் குகதாசன் என்று மட்டும் இருக்கட்டும். மணவறை வேண்டாம், தளத்தின் முகவரி வேண்டாம், தொடர்புக்கு உங்கட இலக்கத்தைக் குடுங்கோ. பழைய அறிவித்தலிலிருந்தும் அந்த ஒரு வரியை எடுப்பியுங்கோ.

“என்ர இலக்கமோ?” என்றார் கிருஷ்ணராசா. “எனக்கு ஆர் அண்ணி எடுப்பினம்?”

“அண்ணையைத் தெரிஞ்ச ஆக்கள் எடுப்பினம். நீங்கள் கதையுங்கோ.”

அவர் சம்மதித்தாரா, அழுதாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆனால் அந்த வாரமே வரி எடுபட்டிருந்தது. புதுப் படத்தில் மணவறை இல்லை, நீல வானம்தான் இருந்தது. குகதாசனுக்கு நீலம் பிடிக்காது. செல்வமலர் அதைச் சொல்லவில்லை.

கனகவல்லி ஒரு கிழமை கழித்து எடுத்தார். “மகளுக்கு ஓமாம். மயில் தூண்தான் வேணுமாம். ஒண்டு மட்டும் தங்கச்சி, எங்கட ஆக்கள் எட்டு மணிக்கு வந்திடுவினம். அதுக்கு முன்னம் உங்கட வேலையை முடிச்சிடுவியள்தானே?”

“ஓம் அக்கா, முடிச்சிடுவன்.”

இதில் என்ன இருக்கிறது? மணவறை எடுக்கிற எல்லோரும் இதைத்தான் கேட்பார்கள். மூத்த மகளின் கல்யாணத்தின்போதும் கேட்டிருப்பார்கள். அல்லது, ஆட்கள் வரும்போது அவள் அங்கே நிற்கக்கூடாது என்பதற்காகக் கேட்டார்களா? செல்வமலர் அந்தக் குரலைத் திரும்பத் திரும்ப மனதில் ஓடவிட்டுப் பார்த்தாள். ஒருமுறை இப்படிக் கேட்டது, ஒருமுறை அப்படிக் கேட்டது.

ஆவணியில், சவுத்தால் மண்டபத்தில், விடிய முன்னமே தூண்கள் எழும்பிவிட்டன. லெஸ்லி கீழே நின்று “மெல்ல, மெல்ல” என்றார், முன்பு குகதாசன் சொல்வது போலவே. கடைசிச் சரத்தை ஊசியால் குத்திவிட்டுச் செல்வமலர் இறங்கினாள். எட்டு மணிக்கு இன்னும் நேரம் இருந்தது. போய்விடலாம், நிற்கவும் செய்யலாம். எதுவென்று முடிவாகாமல் வானின் முன் இருக்கையில் ஏறி, கதவைத் திறந்தபடியே வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

கை பழக்கத்தில் கைபேசியில் குகன் மணவறையின் முகவரியை அடித்தது. திரை ஒரு கணம் வெள்ளையாக நின்றது. பிறகு மேலே இருந்த எழுத்துகள் தாமாக மாறி, அவருடைய பெயரை அடித்தவளை அவளுடைய பெயரில் கொண்டுவந்து விட்டன.

“போவோமா, மிஸிஸ் கே?” என்று லெஸ்லி கேட்டார்.

மண்டப வாசலில் முதல் கார் வந்து நின்றது. பட்டுச் சேலையில் ஓர் அம்மா இறங்கி, கையை நெற்றிக்கு மேல் வைத்து, இவர்கள் பக்கமாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கூப்பிடுகிறாரா, வெயிலை மறைக்கிறாரா என்று அங்கிருந்து தெரியவில்லை.

“கொஞ்சம் பொறுங்கோ,” என்று சொல்லிவிட்டுச் செல்வமலர் வானிலிருந்து இறங்கினாள்.